பின்னறைக்குப் போகும் லைன்

"கை வெச்சுட்டாளா? நான் அப்பவே நினைச்சேன்!"

பின்கட்டில் விளக்கு அணைந்த மறுநொடியே மாமியாரின் குரல் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. குளியலறையில் தலை நிறைய சோப்பு நுரையோடு நின்ற சின்ன மகன், "அம்மா, ஹீட்டர் நின்னு போச்சு!" என்று உள்ளிருந்தே கத்தினான். பின்னறை வாசலில் மூத்த மருமகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கொழுந்தனின் புதுச் சட்டை. இன்னொரு கையில் சூடு அடங்காத இஸ்திரிப் பெட்டி.

"இன்னிக்குமா? சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. காலங்காத்தால வீட்டை இருட்டாக்கிட்டு நிக்கிறா பாரு. இவ கை பட்டா எரியிற விளக்கும் அணைஞ்சிடும்னு ஊரே சொல்லுது. நான் சொன்னா மட்டும் பொல்லாதவ."

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது அவள் ஒருத்திதான். ஆனால் ஒரே பேச்சை ஒரே வீட்டுக்குள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஊர்ப்பேச்சு மாதிரியே ஆகிவிடுகிறது. மூத்த மகன் லாரியில் அடிபட்டுப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் எது கெட்டாலும், பால் திரிந்தாலும் குழாய் ஒழுகினாலும், அது அவன் மனைவியின் தலையில்தான் விழும்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். தெருவில் அவருக்குப் பெயர் போர்மேன். மின்சார இலாகாவில் கம்பம் ஏறுகிறவராகச் சேர்ந்து, போர்மேனாக ஓய்வு பெற்றவர். தன் கை பட்ட ஜாயின்ட் எதுவும் எரிந்ததில்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். நாற்காலியில் சாய மாட்டார். சாய்கிறவனைக் கண்டால் பிடிக்காது. இந்த வீட்டின் வயரிங் முழுக்க அவர் கைவேலை. குடும்ப மானம் என்று அவர் பேசும்போதெல்லாம் சுவருக்குள் ஓடும் அந்தக் கம்பிகளையும் சேர்த்துத்தான் பேசுவார்.

"சத்தம் போடாதே. பியூஸ்தானே? போட்டுக்கலாம்" என்றார் மனைவியிடம்.

"மாமா" என்றாள் மருமகள். "பியூஸ் மட்டும் இல்ல. சுவர் சுடுது."

"சுவர் சுடுதாம்!" மாமியார் கன்னத்தில் கை வைத்தாள். "இனி கூரை குளிருதும்பா, தரை கூசுதும்பா."

மருமகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ஹீட்டர் ஓடுறப்ப என் ரூம் பல்பு மங்கிடுது மாமா. கட்டில் பக்கத்துச் சுவர்ல கையை வெச்சா சுடுது. ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பாருங்களேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் போர்மேன் சிரித்திருப்பார். இவள் கேட்டதால் சிரிக்க முடியவில்லை. இயற்பியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அடுக்களைப் பிளக்குக்கு ஏன் எர்த் இல்லை என்று அவரையே கேட்டாள். "அப்பா, உங்களுக்கு மருமக வரலை, மேலதிகாரி வந்திருக்கா" என்று மூத்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே எர்த் கொடுத்தார் போர்மேன். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியிலிருந்து மீட்டரையும், கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிடுக்கி மீட்டரையும் எடுத்தார். அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் எடுத்தார். பியூஸ் கட்டையில் புதுக் கம்பி சுற்றிப் போட்டார். ஹீட்டர் ஓடாதபோது பின்னறைப் பிளக்கில் இருநூற்று முப்பத்தொன்று வோல்ட். சின்னவனிடம் ஹீட்டரைப் போடச் சொன்னார். முள் இருநூற்றுப் பதினொன்றுக்கு இறங்கியது. மெயின் போர்டில் பார்த்தால் அங்கே இருநூற்று முப்பத்தொன்று அப்படியே நிற்கிறது. கிடுக்கி எட்டு ஆம்பியர் என்றது.

"நடுவுல இருபது வோல்ட் காணாமப் போகுது மாமா" என்றாள் அவள், மெதுவாக. "இருபதை எட்டால வகுத்தா ரெண்டரை ஓம். போர்டுல இருந்து இங்க வர்ற வயருக்கு அரை ஓம் போகட்டும். மீதி ரெண்டு ஓம் எங்கயோ ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கு."

"ம்."

"எட்டை எட்டால பெருக்கி, ரெண்டால பெருக்கினா நூத்தி இருபத்தெட்டு வாட். நூறு வாட் குண்டு பல்பைச் சுவருக்குள்ள வெச்சுப் பூசின மாதிரி. அதான் சுடுது. இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்தா பன்னெண்டு ஆம்பியர். பியூஸ் போகுது. போறதே நல்லதுதான்."

அவள் கூட்டிச் சொல்லி முடிப்பதற்கு முன்பே போர்மேனுக்கு விடை வந்துவிட்டிருந்தது. அந்த ஒரே இடம் எது என்பதும் வந்துவிட்டிருந்தது.

பின்னறை அறையாகக் கட்டப்பட்டதல்ல. பழைய சாமான் போடுகிற இடம். மூத்தவன் போன பிறகு, "முன் ரூம் சின்னவனுக்கு வேணும், அவளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய ரூம்?" என்று மனைவி ஆரம்பித்தாள். அவரும் சரியென்று, நடையில் ஓடிய லைனிலிருந்து ஒரு கிளை எடுத்து அந்த அறைக்கு விளக்கும் பிளக்கும் கொடுத்தார். ஈயப்பற்று வைக்கும் கோல் பெட்டியில்தான் இருந்தது. சூடாக்கச் சோம்பலாக இருந்தது. ஒரு பல்புதானே எரியப் போகிறது, அவள் ஒருத்திதானே இருக்கப் போகிறாள் என்று கம்பியைக் கையாலேயே முறுக்கி, டேப் சுற்றி, மேலே பூசிவிட்டார். ஊரார் வீட்டுக்கு அப்படி ஒரு ஜாயின்ட் போட்ட ஆளை அவர் வேலையை விட்டே அனுப்பியிருப்பார். பின்னால் சின்னவன் குளியலறைக்கு ஹீட்டர் வாங்கி வந்தான். பக்கத்தில் இருக்கிறதே என்று பின்னறைப் பிளக்கிலிருந்தே இழுத்துக்கொண்டான்.

"இன்னிக்கே பிரிச்சுப் பார்த்துடலாமா மாமா?" என்றாள்.

"இன்னிக்கா?" மாமியார் குறுக்கே வந்தாள். "சம்பந்தம் பேச வர்றவங்க முன்னாடி சுவரை இடிச்சுப் போட்டு வெப்பீங்களா? போர்மேன் வீட்டு லட்சணம் இதுதான்னு காட்டவா?"

அந்தக் கடைசி வார்த்தை சரியான இடத்தில் போய்த் தைத்தது. போர்மேன் மீட்டரை உறையில் போட்டார்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னிக்கு யாரும் ஹீட்டரைத் தொடக் கூடாது. கேட்டுச்சாடா?"

"சரிப்பா" என்றான் சின்னவன், தலையைத் துவட்டியபடி.

மருமகள் தலையை அசைத்துவிட்டுச் சட்டையை மடிக்கப் போனாள்.

சாயங்காலம் வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதும் மாமியார் பின்கட்டுக்குப் போனாள். "அவங்க போற வரைக்கும் வெளிய வராதே. நல்ல காரியம் பேசுற நேரம். உன் முகத்துல முழிச்சுட்டுப் போனாங்கன்னா…" என்று பாதியில் நிறுத்தினாள். மீதியை முடிக்க வேண்டிய தேவை அந்த வீட்டில் இல்லை. பின்னறைக் கதவின் வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. மறதியாகக்கூட அவள் வெளியே வந்துவிடக் கூடாதாம்.

தாழ்ப்பாள் சத்தம் போர்மேன் காதில் விழுந்தது. சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார்.

வந்தவர்கள் மூன்று பேர். பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா. பெரியப்பாதான் பேச்சுக்காரர். கூடத்துக்குள் கால் வைத்ததும் மேலே பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஸ்விட்ச் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல்ல வேலை! போர்மேன் வீட்டு வயரிங்னா கேக்கணுமா? எங்க வீட்டுல மிக்ஸி போட்டா டிவி அழுவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். போர்மேனும் சிரித்தார். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"வழியெல்லாம் ஒரே புழுதி" என்று பெரியப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சுடுதண்ணி கிடைச்சா ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்து தெம்பா பேசுவேன்."

"ஐயோ, அதுக்கென்ன? ஹீட்டர் இருக்கு" என்று மாமியார் எழுந்தாள். "டேய், மாமாவுக்கு ஹீட்டரைப் போட்டு விடு."

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். அம்மா கண்ணாலேயே அவனை விரட்டினாள். போர்மேன் வாயைத் திறந்தார். 'ஹீட்டர் வேண்டாம், லைன் சரியில்லை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சற்று முன் புகழ்ந்த மனிதர் எதிரே துண்டோடு நிற்கிறார். வாய் மூடிக்கொண்டது.

எட்டு ஆம்பியர்தானே, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இத்தனை நாளும் ஓடியதுதானே.

அடுக்களையில் அடுப்பு காலியில்லை. காபிக்கு வெந்நீர் சீக்கிரம் வேண்டும் என்று சின்னவன் எலெக்ட்ரிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். குளியலறைக்கு வெளியே, ஹீட்டர் லைனிலேயே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அதில்தான் செருகியிருப்பான். போர்மேனின் மூளை தானாகவே கூட்டியது. ஹீட்டரும் கெட்டிலுமாகப் பதின்மூன்று ஆம்பியர். பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினால் நூற்று அறுபத்தொன்பது. அதை இரண்டால் பெருக்கினால் முந்நூற்று முப்பத்தெட்டு. கரண்ட் ஏறுவது கொஞ்சம்தான்; சூடு ஏறுவது கொஞ்சமல்ல. காலையில் சுவருக்குள் ஒரு பல்பு. இப்போது ஓர் அடுப்பு. அடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் கட்டில்.

சரி, இப்போது பியூஸ் போய்விடும். பன்னிரண்டுக்கே போன பியூஸ்.

பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி ஏதோ கேட்டார். போர்மேன் ஏதோ சொன்னார். காது பின்கட்டில் இருந்தது. பியூஸ் போகிறது என்று இத்தனை நாள் வெட்கப்பட்ட மனிதர், அது போகவேண்டும், இப்போதே போகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும் பெரியப்பாவின் பாட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன.

சின்னவன் காபித் தட்டோடு வந்து குனிந்தபோது காதோரமாகக் கேட்டார். "பியூஸ் எப்படிடா நிக்குது?"

அவன் முகத்தில் பெருமை பொங்கியது. "அதெல்லாம் கவலைப்படாதீங்கப்பா. மத்தியானமே கெட்டிக் கம்பியா ரெண்டு முறுக்கிச் சுத்திட்டேன். இனி ஜென்மத்துக்கும் போகாது. இன்னொரு தடவை தண்ணிக்குக் கெட்டில் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் வந்தது. மூன்று தட்டு. கொஞ்சம் நிதானித்து, மறுபடியும் மூன்று.

"என்ன சத்தம்?" என்றாள் பெண்ணின் அம்மா.

"பூனைங்க. பின்பக்கம் பூனைத் தொல்லை தாங்கலை" என்றாள் மாமியார், கண் இமைக்காமல்.

"உங்க வீட்டுப் பூனைக்கு மரியாதை தெரியுதே, கதவைத் தட்டிட்டு வருது" என்று பெண்ணின் அப்பா சொல்ல, மாமியார் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு குரல் வந்தது. கத்தவில்லை. வேலையிடத்தில் கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்பவனைக் கூப்பிடும் குரல் மாதிரி, அளவாக.

"மாமா. சுவர்ல புகை வருது."

போர்மேன் எழுந்தார். மெயின் போர்டு கூடத்தில்தான் இருந்தது, வந்தவர்களின் தலைக்கு நேர் மேலே. "என்னங்க, உட்காருங்க" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் கையை நீட்டி மெயினை இறக்கினார்.

வீடு முழுக்க இருண்டது. குளியலறைக்குள் பாட்டு நின்றது. "யாருய்யா அது? கண்ணுல சோப்பு!" என்ற குரல் மட்டும் வந்தது.

டார்ச்சோடு நடையைக் கடந்து தாழ்ப்பாளை நீக்கினார். கதவு திறந்ததும் எரிந்த டேப்பின் நாற்றம் மூஞ்சியில் அடித்தது. அது அவருக்குப் பழகிய நாற்றம். சொந்த வீட்டில் மட்டும் பழகாதது. மருமகள் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். படுக்கைத் துணியெல்லாம் எதிர் மூலையில் கிடந்தது. சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பழுப்பேறி, நடுவில் கறுத்திருந்தது. இருமினாள். கண் கலங்கியிருந்தது புகையால்.

"ஹீட்டரை யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள்.

திட்டியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வெளிய வாம்மா."

"மெயினை இறக்கிட்டீங்களா?"

"இறக்கிட்டேன்."

"அப்படின்னா இப்பவே பிரிச்சுடலாம். ஆறினா எங்கன்னு தெரியாமப் போயிடும். மறுபடியும் பூசி விட்டுடுவாங்க." 'பூசி விட்டுடுவீங்க' என்று அவள் சொல்லவில்லை. "டூல்ஸ் பெட்டி எங்க மாமா?"

ஜாயின்ட் நடைப்பக்கம் இருந்தது. அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்து, முதலில் டெஸ்டரை வைத்துக் கரண்ட் இல்லை என்று தன் கண்ணால் பார்த்துக்கொண்டாள். போர்மேனின் வார்த்தையை அந்த வீட்டில் முதல் முறையாக ஒருவர் சோதித்துப் பார்க்கிறார். அது சரியென்றே அவருக்குப் பட்டது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உளிச் சத்தம் கேட்டு எல்லோரும் நடைக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா துண்டோடு, காதில் நுரையோடு நின்றார்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள் பெண்ணின் அம்மா.

"அது… வேலைக்கு…" என்று மாமியார் இழுத்தாள்.

"என் மூத்த மருமக" என்றார் போர்மேன். "மூத்தவன் சம்சாரம்."

பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கரிந்த டேப் சாம்பலாக உதிர, கறுத்துப்போன செம்புக் கம்பி இரண்டு சுற்றாக முறுக்கியபடி தெரிந்தது. பற்று இல்லை. இடது பக்கமாக வளைத்து நுனியை மடக்கிவிட்ட முறுக்கு. சுற்றி நின்றவர்களுக்கு அது வெறும் கம்பி. போர்மேனுக்கு அது தன் கையெழுத்து.

"இது நான் போட்டது" என்றார் வந்தவர்களைப் பார்த்து. இத்தனை வருஷம் காத்த பெயர் நாலு பேர் எதிரில் போய்விட்டது. இனி என்ன சொல்வார்களோ.

பெண்ணின் அப்பா கையை வீசினார். "அட, விடுங்க போர்மேன். வயர்னா எரியத்தான் செய்யும். எந்த வீட்டுல எரியலை? இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப் போடுறீங்க?" என்று சிரித்தவர், உடனே குரலை இறக்கிக்கொண்டார். "எங்களுக்கு மனசு சரியில்லாதது வேற. நல்ல பேச்சு பேசுற நேரத்துல, புருஷன் இல்லாத பொண்ணை நேர்ல கொண்டுவந்து நிறுத்திட்டீங்களே. ஒரு அஞ்சு நிமிஷம் உள்ளயே வெச்சிருக்கக் கூடாதா?"

போர்மேன் அவரைப் பார்த்தார். எதை மறைக்க ஒரு பெண்ணைப் புகைக்குள் விட்டாரோ, அதை இவர்கள் தூசி மாதிரி தட்டிவிட்டார்கள். அவளை அடைத்து வைத்ததற்கு இவர்கள் தலைகுனிய வேண்டும்; அதையோ கேட்டு வாங்குகிறார்கள். இந்த மனிதர்களுக்காகவா?

"அஞ்சு நிமிஷமா?" என்றார்.

"நான் அப்பவே சொன்னேனே!" மாமியார் அழுகையும் ஆத்திரமுமாக வெடித்தாள். "இவ வந்து நின்னா விளங்குமா? பாருங்க, வீடே இருட்டு!"

மருமகள் கட்டர் எடுத்து அந்த முறுக்குக்கு இரண்டு பக்கமும் கம்பியை வெட்டினாள். கறுத்த துண்டு தரையில் விழுந்தது. முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றினாள்.

"புதுசா பற்று வெச்சுக் கொடுத்துடறேம்மா" என்றார் போர்மேன்.

"வேண்டாம் மாமா. இந்த ரூமுக்கு இனி லைன் வேண்டாம்." சுற்றியபடியே சொன்னாள். "சாமான் போடற இடத்துக்கு எதுக்கு லைன்? நான் முன்ரூம்ல இருந்துக்கறேன். அது எங்க ரூம்தானே."

யாருடைய அனுமதியையும் அந்த வாக்கியம் கேட்கவில்லை. சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வந்தவர்களைப் பார்த்தாள். வந்தவர்கள் வாசலைப் பார்த்தார்கள்.

"அப்ப நாங்க கிளம்பறோம். யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்" என்றார் பெண்ணின் அப்பா. இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு மூவரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். பெரியப்பாவின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"என்னங்க!" மாமியார் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "செருப்பு தெரியலையாம் அவங்களுக்கு. டார்ச்சை இங்க காட்டுங்க!"

டார்ச் அசையவில்லை.

"காதுல விழலையா? சம்பந்தி வீட்டுக்காரங்க இருட்டுல நிக்கிறாங்க!"

"இன்னும் கொஞ்சம் மேல மாமா" என்றாள் மருமகள். "இந்தப் பக்கத்து முனை சரியாத் தெரியலை."

போர்மேன் டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தார். வாசலில் யாரோ தடுக்கி விழப் போய் கதவைப் பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் அவள் விரல்களின் மேலேயே நின்றது.